பின்சக்கரத்தில் பச்சரிசி

நான்கு நாள் ஆகியும் அந்தப் பூ வாடவில்லை.

சைக்கிளின் பின்சக்கரத்தில், சின்னதும் பெரியதுமாக அடுக்கியிருக்கும் பதினோரு கியர் பல்தட்டுகளுக்கு நடுவே, ஒரே ஒரு சாமந்தி இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சிக்கியது; இன்று வியாழன். செயின் எண்ணெய் பட்ட எதுவும் அரை நாளில் கறுத்துச் சுருண்டுவிடும் என்பது பாரிக்கு நன்றாகத் தெரியும். இதுவோ இப்போதுதான் மாலையிலிருந்து உதிர்ந்ததுபோல மஞ்சளாக, ஈரமாக இருந்தது. பழைய டூத் பிரஷின் முனையால் நெம்பி எடுத்து மூக்கருகே கொண்டுபோனான். கொண்டுபோயிருக்கக் கூடாது. மேலாகப் பன்னீர் வாசம், ஊதுவத்தி வாசம், அதற்கும் அடியில், இரண்டு நாள் மூடிவைத்த சோற்றுப் பானையைத் திறந்தால் வருமே, அந்தக் குமட்டலான இனிப்பு. விரலை லுங்கியில் துடைத்தான். துடைத்த இடம் உடம்பில் படாமல் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டான்.

பாரிக்குத் தொட்டதற்கெல்லாம் அருவருப்பு. திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் பெட்டி எண்களைச் சரிபார்க்கிற வேலை. அங்கே கேன்டீன் டம்ளரைத் தன் கையால் இன்னொருமுறை கழுவாமல் டீ குடிக்க மாட்டான். பஸ்ஸில் கம்பியைக் கைக்குட்டை வைத்துப் பிடிப்பான். பத்து மாதத்துக் குழந்தை மதி வாந்தி எடுத்தால், மனைவி மகிழினியைக் கூப்பிட்டுவிட்டு வாசலில் போய் நின்றுகொள்வான். இப்படிப்பட்டவன் தன் மலைச் சைக்கிளுக்கு மட்டும் மணிக்கணக்கில் உட்கார்ந்து பணிவிடை செய்வான். செயினுக்கு ஒரு பிரஷ், பல்தட்டுக்கு ஒரு பிரஷ், துடைக்க மூன்று துணி, சொட்டுச் சொட்டாக விடுகிற எண்ணெய். தண்ணீர் மட்டும் ஆகவே ஆகாது. தண்ணீர் போனால் பேரிங்கில் இருக்கிற கிரீஸ் போகும், கிரீஸ் போனால் சக்கரம் போகும் என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் பாடம் நடத்துவான்.

"எம்பொண்ணுக்குகூட நீ இவ்ளோ எண்ண தேச்சதில்ல," என்பாள் மகிழினி. "மலையே இல்லாத ஊர்ல மலை சைக்கிளு வேற."

மலை இல்லாமல் இல்லை. அத்திப்பட்டில் அனல்மின் நிலையத்துச் சாம்பலைத் தேக்கிவைக்கிற குட்டையின் கரை மூன்றாள் உயரம் எழும்பி நிற்கிறது. பாரிக்கும் அவன் தோஸ்த் வசீமுக்கும் அதுதான் மலை. டோல்கேட்டில் சைக்கிள் பழுதுபார்க்கிற கடை வைத்திருக்கிற வசீம்தான், முன்னால் ஒரே தட்டு, பின்னால் பதினொன்று, அதில் கடைசித் தட்டு சாப்பாட்டுத் தட்டு அகலம் என்று இந்த வண்டிக்குக் கியரைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன். புதைகிற சாம்பலில் சறுக்காமல் ஏற, கட்டைவிரல் நுனி அளவு குமிழ்களும் அவற்றுக்கு நடுவே ஆழமான பள்ளங்களும் கொண்ட டயர். முந்நூறு கிராம் எடை குறையட்டும் என்று மட்கார்டைக் கழற்றிப் பரணில் போட்டது மட்டும் பாரியின் சொந்த மூளை.

வீடு வியாசர்பாடியில், குடிசை மாற்று வாரியக் குடியிருப்பின் மூன்றாவது மாடி. ஒரு ஹால், ஒரு சமையல் மூலை, ஒரு குளியலறை. முந்தின சைக்கிளைக் கீழே படிக்கட்டுக் கம்பியில் பூட்டிவைத்துப் பறிகொடுத்தவன், இதை ஹால் சுவரில் கொக்கி அடித்து, முன்சக்கரம் மேலேயும் பின்சக்கரம் கீழேயுமாகத் தொங்கவிட்டிருந்தான். பின்சக்கரம் தரைக்கு ஒரு சாண் மேலே நிற்கும். மதிக்குச் சரியாகக் கை எட்டுகிற உயரம். தவழ்ந்து வந்து தட்டுவாள். சக்கரம் டிக் டிக் டிக்கென்று சுற்றும். வெறும் ஈறு தெரியச் சிரிப்பாள். இரண்டு கரு கலைந்து மூன்றாவதாக நின்ற பிள்ளை. பத்து மாதமாகியும் ஒரு பல்கூட முளைக்கவில்லை என்பது மகிழினியின் ஒரே கவலை. பாரிக்கு அந்தக் கவலையும் கிடையாது. அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் அவன் ஷிப்ட் முடிந்ததும் ஓடி வருவான்.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது இவ்வளவுதான். சாம்பல் கரையில் ஏறி இறங்கிவிட்டு, எண்ணூர் சாலையில் லாரிகளுக்கு நடுவே மழையில் நனைந்து, டோல்கேட்டில் வசீமை விட்டுவிட்டுத் தனியாக வந்துகொண்டிருந்தான். அவன் தெருவை அடைத்துக்கொண்டு ஒரு சாவு ஊர்வலம். எதிர் பிளாக்கில் இருந்த குப்பம்மா; காசிமேட்டில் மீன் விற்ற கிழவி. மேளம் பிய்த்துக்கொண்டு போனது. டண்டண், டணக்குடண், டண்டண், டணக்குடண். வண்டியில் பூப்பல்லக்கு. மேலே நின்ற இரண்டு பேர் மாலையைப் பிய்த்துப் பிய்த்து, பொரியும் சில்லறையுமாகச் சேர்த்து வீசிக்கொண்டிருந்தார்கள். ஈரத் தார்ச்சாலை முழுக்கப் பூ ஒட்டிக் கிடந்தது. ஊர்வலம் வந்தால் வண்டியைவிட்டு இறங்கி ஓரமாக நின்று, அது போன பிறகு பூவை மிதிக்காமல் தள்ளிக்கொண்டு போவது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம்.

"எறங்கி தள்ளிகினு போ நைனா," என்றார் ஓரத்தில் நின்ற ஒருவர்.

மழை சக்கரத்தின் நடு ஹப்புக்குள் இறங்குகிறதே என்ற பதைப்பில் இருந்தான் பாரி. கடைசித் தட்டுக்குக் கியரை மாற்றி, நடக்கிற வேகத்தில், சவ வண்டியை ஒட்டியே சைக்கிளைப் பூ மேல் ஏற்றிக்கொண்டு போனான். முன்சக்கரம் வாரியிறைத்ததில் ஏதோ ஒன்று பறந்து வந்து திறந்திருந்த அவன் வாய்க்குள் விழுந்தது. என்னவென்று தெரிவதற்குள் பல் அதைக் கடித்துவிட்டது. நறுக்கென்று இருந்தது. துப்பினான். வீடு வரும்வரை துப்பிக்கொண்டே வந்தான்.

மூன்றாவது மாடி வாசலில் மகிழினி வழிமறித்து நின்றாள்.

"சாவு எதுக்க வந்துச்சா மாமா?"

"ம்."

"உள்ள வராத. கீழ பைப்புல சைக்கிள நல்லா கழுவிட்டு, நீயும் தலைக்கு ஊத்திகினு வா. புள்ள தவழ்ற வூடு."

கீழே போனான். தன் தலைக்கு ஊற்றிக்கொண்டான். சைக்கிளைக் கழுவ மனம் வரவில்லை. காய்ந்த துணியால் துடைத்து, சீட்டின் மேல் மட்டும் நாலு துளி தெளித்து, பத்து நிமிடம் சும்மா நின்றான். நிற்கும்போது பின்சக்கரத்தருகே செயினை இழுத்துப் பிடிக்கிற கம்பிக் கைக்குள் சுற்றிக் கிடந்த ஒரு முழ நீள வெள்ளைத் துணி கண்ணில் பட்டது. புதுத் துணி, ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள். செயின் துடைக்க ஆகும் என்று உருவி வைத்துக்கொண்டான். டயர்ப் பள்ளத்தில் ஒரு ரூபாய்க் காசு ஒன்று, ஒரு பக்கம் குங்குமம் அப்பி, செருகியிருந்தது. வேகம் காட்டுகிற மீட்டரில் பேட்டரி மூடியைத் திருகித் திறக்க எப்போதும் ஒரு காசு தேவைப்படும். குங்குமத்தைச் சுரண்டிவிட்டு அதையும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

மேலே வந்து, "கழுவிட்டேன்," என்றான். அவள் குழந்தையைத் தரையில் இறக்கிவிட்டாள்.

வியாழக்கிழமை அந்தப் பூவை ஜன்னல் வழியாக எறிந்துவிட்டுத் திரும்பியபோது, பெரிய தட்டுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் எதையோ பார்த்தான். மகிழினி மூலையில் சங்கரா மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் சடசடத்தது. முதலில் நூல் என்றுதான் நினைத்தான். நுனியைக் கிள்ளி இழுத்தான். வந்தது. இன்னும் வந்தது. மயிர். நரைத்த மயிர், ஒன்றிரண்டல்ல, விரல் கனத்துக்கு ஒரு திரி, விளக்கெண்ணெய் பூசியதுபோல வழுவழுத்து, இழுக்க இழுக்க ஹப்பின் உள்ளேயிருந்து வந்துகொண்டே இருந்தது. முழம் தாண்டியது. அவன் கழுத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டு, மூச்சை அடக்கி, கண்ணை மூடிக்கொண்டு இழுத்தான். கடைசியில் ஒரு சின்ன வெடுக். கண்ணைத் திறந்து பார்த்தான். மயிரின் அடியில், பெருவிரல் நகம் அகலத்துக்கு, வெள்ளையாக, ஈரமாக, மெல்லிய தோல்.

செய்தித்தாளில் சுருட்டி, அதற்கு மேல் பாலிதீன் பை சுற்றி, மூன்று மாடி இறங்கித் தொட்டியில் போட்டுவிட்டு வந்தான். கையைச் சோப்பு போட்டு ஆறுதடவை கழுவினான். பொரித்த மீனைத் தட்டில் வைத்தபோது முள்ளின் ஓரத்தில் ஒட்டியிருந்த தோலைப் பார்த்துவிட்டு எழுந்துகொண்டான்.

"இன்னா, புடிக்கலியா?"

"பசிக்கல."

குழந்தை பின்சக்கரத்தைத் தட்டியது. டிக் டிக் டிக். பாரி அவளைத் தூக்கி அந்தப் பக்கம் உட்காரவைத்தான். அவள் மறுபடியும் தவழ்ந்து அங்கேயே போனாள்.

வெள்ளிக்கிழமை அவன் வேலை முடிந்து வந்தபோது மகிழினி மடியில் மதியைப் படுக்கவைத்து, வாய்க்குள் விரல் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"காலையிலேந்து எதையோ மென்னுகினே கீறா. இத்த பாரு."

அவள் உள்ளங்கையில் நாலைந்து அரிசி. எச்சிலில் ஊறி வெளுத்துக் கிடந்தது.

"அரிசி டப்பாவ கவுத்துட்டாளா?" என்றான்.

"இது பச்சரிசி மாமா. நம்ம வூட்ல ஏது பச்சரிசி? ரேஷன்ல போடுறது புழுங்கலு. நான் பச்சரிசி வாங்கி பொங்கலுக்கு அப்பால எத்தினி மாசம் ஆவுது."

அவள் சமையல் மூலைக்குப் போனதும் பின்சக்கரத்தின் அருகே குந்தி உட்கார்ந்தான். டயரில் குமிழுக்குக் குமிழ் உள்ள பள்ளம் எல்லாம் அடைந்திருந்தது. நேற்றுப் பள்ளமாக இருந்தவைதான். ஸ்க்ரூ டிரைவரால் ஒரு பள்ளத்தைச் சுரண்டினான். கொத்தாக அரிசி விழுந்தது. உப்பியிருந்தது. வாயில் ரொம்ப நேரம் வைத்திருந்து துப்பியதுபோல ஓரமெல்லாம் கரைந்து, ஒன்றோடொன்று கோழையாக நூல் இழுத்தது. சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றி முழுக்கச் சுரண்டினான். தாளில் ஒரு பிடி சேர்ந்தது. திரும்ப முதல் பள்ளம் வந்தபோது அதில் மறுபடியும் இரண்டு அரிசி இருந்தது.

பாரி ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான். ஊர்வலத்தில் வழியெல்லாம் வீசுகிறது பொரி. அரிசியை யாரும் ரோட்டில் வீசுவதில்லை. பச்சரிசியைப் போடுகிற இடம் ஒன்றே ஒன்றுதான்.

போன வருடம் அவன் அப்பாவுக்கு அவன் போட்டான். வரிசையில் முதல் ஆள், மூத்த பிள்ளை. வெட்டியான் துணியை விலக்கி, "வாய்க்கரிசி போடுப்பா," என்றார். குனிந்து போடும்போது விரல் உள்ளே போய் ஈறில் பட்டது. அந்தச் சில்லிப்பு. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான். அரிசி மோவாயில் சிந்தியது. தம்பிதான் வழித்து உள்ளே தள்ளினான். பெற்ற அப்பனிடம் அருவருப்புப்பட்டோமே என்று அன்று இரவு அழுதான். அழுகைக்கு நடுவிலும் எழுந்துபோய் வலதுகையைக் கழுவிக்கொண்டான்.

அப்படியானால் அந்தக் காசு? ரோட்டில் வீசுகிற சில்லறையில் குங்குமம் இருக்காது. நெற்றியில் ஒட்டுகிற காசில்தான் இருக்கும். அந்த வெள்ளைத் துணி? கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டுகிற துணி. கூடவே போயிருக்க வேண்டியதெல்லாம் அவன் வண்டியைத் தொற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறது.

டூல் பெட்டியைத் திறந்து பார்த்தான். இரண்டு நாள் செயின் துடைத்த துணி அது. கரிப்பிடித்து அட்டை மாதிரி ஆகியிருக்க வேண்டும். பெட்டிக்குள் மடித்து வைத்ததுபோல வெள்ளை வெளேரென்று இருந்தது. தொட்டான். ஈரம். கூடவே போட்டுவைத்திருந்த காசு வெதுவெதுப்பாக இருந்தது.

இரண்டையும் தூர எறிந்துவிட வேண்டும் என்று கை பரபரத்தது. அதற்குள் மகிழினி, "கைய கழுவிகினு வா, தோச ஊத்துறேன்," என்றாள். பெட்டியை மூடினான். இப்போது சொன்னால், அன்றைக்குக் கழுவவில்லை என்பதில் தொடங்கிச் சொல்ல வேண்டும். ஐந்து நாளாக அதன் கீழே பிள்ளையைத் தவழவிட்டிருக்கிறாள், அவன் வார்த்தையை நம்பி. நாளைக்கு அரை நாள்தான் வேலை. வசீமிடம் கொண்டுபோனால் அவன் எல்லாவற்றையும் பிரித்துச் சுத்தம் செய்து கொடுத்துவிடுவான். யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும்.

சனிக்கிழமை மதியம் வசீமின் கடையில் பின்சக்கரத்தைக் கழற்றினார்கள். மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்திருந்த வசீம், வழக்கம்போலக் கிண்டல் பேசிக்கொண்டே ஹப்பைத் திறந்தான்.

"இன்னா கிரீஸ் மாமு இது?"

கிரீஸே இல்லை. பேரிங் குண்டுகளுக்கு நடுவே, வெற்றிலை மென்று துப்பியதுபோலச் சிவந்த கூழ். பாக்குத் துணுக்குகள் தெரிந்தன. எச்சில் வாடை கடை முழுக்க எழும்பியது. வசீம் ஒரு குச்சியால் கிளறினான். கூழின் அடியிலிருந்து ஒரு பல் மேலே வந்தது. காரை படிந்த, நீண்ட, வயசான பல். அவன் குச்சியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிப்போய், சாக்கடை ஓரமாகக் குனிந்து, சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்தான்.

வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்பிவந்தவன் சக்கரத்தைத் தொடவில்லை.

"எங்க வுட்டுகினு வந்த?"

பாரி ஞாயிற்றுக்கிழமைக் கதையைச் சொன்னான். கழுவாததையும் சொன்னான்.

"எங்களாண்ட மையத்து போச்சுன்னாலும் வண்டிய நிறுத்தி எறங்கி நிப்போம் மாமு. யாரு இன்னா சாதி மதம்னு பாக்க மாட்டோம். உனக்கு இன்னா கேடு?" வசீமின் குரலில் கோபத்தைவிடக் குமட்டல்தான் அதிகம் இருந்தது. "நீயே மூடி எடுத்துகினு போ. நான் கை வெக்க மாட்டேன். பைப்புல வெச்சு தண்ணி வுட்டு கழுவு. பேரிங்கு போனா போவட்டும், வேற போட்டுக்கலாம். வூட்டுக்குள்ள மட்டும் ஏத்தாத. புள்ள கீது."

பாரியே மூடினான். பல்லை எடுத்து வெளியே போட வேண்டும் என்று தெரிந்தும் விரலை உள்ளே விட முடியவில்லை. மூடியைத் திருகிவிட்டான்.

குடியிருப்பு வாசலில் குப்பம்மாவின் கண்ணீர் அஞ்சலி பேனர் மழையில் ஒருபக்கம் கிழிந்து தொங்கியது. அவிழ்ந்த நரைமயிர். வெற்றிலைச் சிவப்பு ஏறிய உதடு. சிரித்தபடி இருந்தாள். அவன் பார்க்காமல் தாண்டிப் போய் பைப்பைத் திருகினான். காற்றுதான் வந்தது. நிமிர்ந்தபோது மூன்றாவது மாடிக் கம்பிக்குப் பின்னால் மகிழினி, இடுப்பில் மதி.

"இன்னா மாமா, பைப்பாண்ட? அன்னிக்கே கழுவுன இல்ல?"

"சும்மாதான்," என்றான். சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறினான். பழைய இடத்தில் பழைய கொக்கியில் மாட்டினான்.

ஆறரை மணிக்குத் தண்ணீர் லாரி வந்து ஹாரன் அடித்தது. மகிழினி இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு, "புள்ளய பாத்துக்க, வந்துர்றேன்," என்று இறங்கினாள். அவள் செருப்புச் சத்தம் முதல் மாடியைத் தாண்டியதும் கரண்ட் போனது. குடியிருப்பு முழுக்க ஓவென்று ஒரு குரல் எழுந்து அடங்கியது. மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. பகலெல்லாம் காய்ந்த சுவரின் வெக்கை, வெளியே குப்பைத் தொட்டியின் வாடை, அதற்கெல்லாம் நடுவே பன்னீர்.

இதுதான் சமயம் என்று நினைத்தான் பாரி. வரிசையில் நின்று பிடித்து வர அவளுக்குக் கால் மணி நேரமாவது ஆகும். அதற்குள் குளியலறையில் ஒரு பக்கெட் பிடித்து, சக்கரத்தில் ஊற்றி, துடைத்துவிட்டால் முடிந்தது. சொன்ன பொய் உண்மையாகிவிடும். எதையும் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. போன் வெளிச்சத்தில் மதியை எதிர் மூலையில் பாயின் மேல் உட்காரவைத்தான். சுற்றி நாலு தலையணையை அணை கட்டினான். "அப்பா இதோ வந்துர்றேன்," என்றான். அவள் ஈறு தெரியச் சிரித்தாள்.

குளியலறைக் குழாயில் தொட்டி அடித் தண்ணீர் விரல் கனத்துக்குத்தான் வந்தது. பக்கெட்டின் அடியில் அது விழுகிற சத்தத்துக்கு மேலே மதியின் மழலை கேட்டுக்கொண்டிருந்தது. த்தா, த்தா, த்தா. அவன் பக்கெட்டைப் பார்த்தபடி நின்றான். கால் பக்கெட்.

டிக்.

தலையணையைத் தாண்டிவிட்டாளா?

டிக் டிக்.

"மதி. தொடாத கண்ணு."

டிக்டிக், டிடிக்குடிக். டிக்டிக், டிடிக்குடிக். குழந்தை தட்டுகிற தட்டு இல்லை அது. கணக்காக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தெருவில் கேட்ட கணக்கு. டிக்டிக், டிடிக்குடிக்.

குழாயை மூடினான். மழலை நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். முதலில் பாயின் மேல் வெளிச்சம் விழுந்தது. நாலு தலையணையும் வைத்தது வைத்தபடி இருந்தன. உள்ளே பிள்ளை இல்லை.

சுவர். கொக்கி. சைக்கிள்.

பின்சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. இப்போது சத்தமே இல்லை.

அதன் கீழே மதி. மல்லாந்து. தெற்கே தலை வைத்து. கால் இரண்டும் நேராக, ஒட்டி. கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணி. இரண்டு முடிச்சு. நெற்றியில் காசு. சறுக்கவில்லை.

வாய் நிறையப் பச்சரிசி. உதட்டுக்கு மேலே கூம்பாக.

கண் திறந்திருந்தது. அவனைப் பார்த்தது.

டூல் பெட்டியின் மூடி மூடியபடியே இருந்தது.

மண்டியிட்டு விழுந்தான். போன் எங்கோ உருண்டு கூரையைப் பார்த்து வெளிச்சம் அடித்தது. வலதுகை விரலை அவள் வாய்க்குள் விட்டுத் தோண்டினான். அரிசி வந்தது, கோழையோடு வந்தது, வெற்றிலை வாடையோடு வந்தது. தோண்டினான். குறையவில்லை. இன்னும் உள்ளே. விரல் ஈறில் பட்டது.

சில்லென்று இருந்தது.

அந்தச் சில்லிப்பு அவனுக்குத் தெரியும். கையை இழுத்துக்கொள்ளச் சொல்லி உடம்பு முழுக்கக் கூசியது. இழுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் உள்ளே விட்டான். என் பிள்ளை, என் பிள்ளை என்று முனகினான். அரிசிக்கு அடியில் விரல் வேறொன்றில் முட்டியது. வரிசையாக. நீளமாக. சொரசொரவென்று காரை பிடித்து.

வாய் மூடியது. மென்றது. மெதுவாக, ரொம்ப நாள் பழக்கம்போல. நறநறவென்று பல்லில் பல் அரைபட்டது.

கையை உருவிக்கொண்டான்.

கீழே படிக்கட்டில் குடம் சுவரில் இடித்தது. மகிழினியின் குரல் இரண்டாவது மாடியில் கேட்டது.

"மாமா, ஒரு கொடத்த வந்து வாங்கு. இருட்டுல படி தெரில."

குழந்தை மென்றதை விழுங்கியது. கண்ணை அவன் முகத்திலிருந்து எடுத்து, அவன் வலதுகையைப் பார்த்தது. அந்தக் கை மூடியிருந்தது. அவன் மூடவில்லை. விரித்துப் பார்த்தான். உள்ளங்கை நிறையப் பச்சரிசி இருந்தது.

செருப்புச் சத்தம் வாசலுக்கு வந்தது. மதி வாயை அகலத் திறந்து, அவன் கையைப் பார்த்தபடி காத்திருந்தாள்.